பெடல் கடைசியில்: மதுரை மேடைக்கு ஓர் எலெக்ட்ரிக் கிட்டார் செட்டப்

கிட்டார் கைக்கு வந்த மறுவாரமே ‘எந்த டிஸ்டார்ஷன் பெடல் வாங்கலாம்’ என்ற தேடல் தொடங்கிவிடுகிறது. பெரிய ராக் கிட்டார் ஆட்களின் காலடியில் பத்துப் பன்னிரண்டு பெடல்கள் (காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் பெட்டிகள்) விளக்குப் போட்டு மின்னுவதைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் சத்தத்தை முடிவு செய்வதில் பெடலுக்குக் கடைசி இடம்தான். ஆம்பும் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) ஸ்பீக்கரும் முதலில், அடுத்து கிட்டாரும் அதன் செட்டிங்கும், பிறகு கேபிளும் கரண்டும், அதற்கும் பிறகே பெடல். மதுரைப் பக்கத்தில் வாசிப்பவருக்குக் கரண்ட் இன்னும் மேலே ஏறிவிடும்; அதனால் கீழே கிட்டார், கரண்ட், ஆம்ப், பெடல் என்ற வரிசையில் பார்ப்போம். வீட்டில் தேனாக ஒலித்த கிட்டார் ஊர்த் திருவிழா மேடையில் ஜெனரேட்டரில் மாட்டியதும் ‘ங்ஙொய்’ என்று இரைந்தால், அதைப் புதுப் பெடல் எதுவும் சரிசெய்யாது.

பெரிய ஆட்களின் செட்டப்பை எப்படிப் பார்ப்பது

பிராண்டுப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு கேள்வி போதும்: இவருக்கு ‘கரகரப்பு’ (டிஸ்டார்ஷன்) எங்கிருந்து வருகிறது, ஆம்பிலிருந்தா, பெடலிலிருந்தா?

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஆம்ப் கட்சி. ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார், சத்தத்தை ‘வா வா’ என்று பேசவைக்கும் வா பெடல், கரகரப்புக்கு ஃபஸ் ஃபேஸ் பெடல், கடைசியில் 100 வாட் மார்ஷல் ஆம்ப். 1969-ல் சத்தத்தைச் சுழலவைக்கும் யூனி-வைப் சேர்ந்தது. மார்ஷலை முழுக்கத் திருகி, அது திணறும் சத்தத்தின் மேல்தான் மற்றதெல்லாம் உட்கார்ந்திருக்கிறது. குயீன் குழுவின் பிரையன் மே-யும் அதே கட்சி. அப்பாவோடு சேர்ந்து தானே செய்த கிட்டார், ஒரு ட்ரெபிள் பூஸ்டர் பெடல், வாக்ஸ் ஏசி30 ஆம்ப். சுத்தமான சத்தம் வேண்டுமென்றால் பெடலை அணைக்க மாட்டார். கிட்டாரின் வால்யூமைக் குறைப்பார்.

பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் எதிர்க்கட்சி. அவருடைய ஹைவாட் 100 வாட் ஆம்ப் எவ்வளவு திருகினாலும் எளிதில் உடையாத, சுத்தமான சத்தம் தருவது. கரகரப்பு முழுக்க பிக் மஃப் போன்ற பெடல்களின் வேலை. 1975-ல் வந்த ரோலண்ட் ஜேசி-120 ஆம்பும் இந்த வகைதான். வால்வு (வெற்றிடக் குழாய்) கிடையாது, இரண்டு 12 இன்ச் ஸ்பீக்கர், பக்கத்துக்கு 60 வாட், உள்ளேயே ஸ்டீரியோ கோரஸ் (ஒரு கிட்டாரைப் பல கிட்டார் போலக் கேட்கவைக்கும் எஃபெக்ட்). இந்த கோரஸ் சர்க்யூட்தான் 1976-ல் பாஸ் சிஇ-1 என்று தனிப் பெடலாக வந்தது.

ஸ்டீவி ரே வான் இரண்டுக்கும் நடுவில். ஏற்கெனவே சூடாக இருக்கும் ஃபெண்டர் ஆம்பை ட்யூப் ஸ்க்ரீமர் பெடலால் இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளுவார். பெடலில் டிரைவ் (கரகரப்பு அளவு) குறைவு, லெவல் (சத்த அளவு) அதிகம். அவர் போட்ட முதல் கம்பியின் தடிமன் .013 இன்ச், அந்தத் தடிமனைச் சமாளிக்க அரை ஸ்வரம் இறக்கி ட்யூன் செய்தார். புதியவர் அந்தக் கம்பியைப் போட்டால் விரல் கிழிவதுதான் மிச்சம்.

மதுரையில் தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை கில்மோர் கட்சி: சுத்தமான ஆம்ப், கரகரப்புக்குப் பெடல். காரணம் எளிது. மார்ஷலை முழுக்கத் திருகக்கூடிய மேடை இங்கே எவருக்கும் கிடைப்பதில்லை. இசைக்குழு மேடையில் கிட்டார் பெரும்பாலும் நேராக மைக்செட் மிக்ஸருக்குத்தான் போகிறது. சர்ச்சிலும் அப்படியே.

முதல் படி: கிட்டார்

கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றும் காந்தச் சுருள்தான் பிக்கப். அதில் சிங்கிள் காயில் வகையின் சத்தம் பளிச்சென்று இருக்கும். கூடவே கரண்ட் இரைச்சலையும் இழுத்துக்கொண்டு வரும். 1950-களின் நடுவில் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர், இரண்டு காயில்களை எதிரெதிராக இணைத்து அந்த இரைச்சலை ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வைக்கிறது. பெயரே ‘ஹம்’மை எதிர்ப்பது என்பதிலிருந்து வந்ததுதான்.

ஒரே இரவில் எண்பதுகளின் மெல்லிசைப் பாட்டுக்கு விரலால் மீட்டவும், அடுத்த குத்துப்பாட்டுக்கு லீட் வாசிக்கவும் வேண்டியவருக்கு ‘எச்.எஸ்.எஸ்.’ கிட்டார் நல்லது. பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) பக்கம் ஒரு ஹம்பக்கர், நடுவிலும் கழுத்துப் பக்கமும் சிங்கிள் காயில். கடையில் பார்க்க வேண்டியவை இவ்வளவுதான்: ஆறு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) அழுத்தி வாசித்து, எங்காவது சத்தம் செத்துப்போகிறதா என்று கேளுங்கள். ஃபிரெட் நுனிகள் உள்ளங்கையில் கீறுகிறதா என்று கழுத்தின் ஓரத்தைத் தடவுங்கள். ஆம்பில் மாட்டி வால்யூம், டோன் திருகிகளைச் சுழற்றுங்கள். கரகரவென்றால் உள்ளே தூசி, அது சின்ன விஷயம். ஜாக்கில் பின்னை ஆட்டினால் சத்தம் அறுந்தால், அதைக் கடைக்காரரே சரிசெய்து தரட்டும்.

வாங்கியதும் செய்ய வேண்டியது செட்டிங். கடையிலிருந்து வரும் கிட்டார் ஒன்றுகூட நம் ஊர் வெயிலுக்குத் தயாராக வருவதில்லை. வேண்டிய சாமான்கள்: ட்யூனர், கிட்டாரோடு வந்த ஆலன் சாவி, சின்ன ஸ்க்ரூட்ரைவர், அரை மில்லிமீட்டர் கோடுள்ள ஸ்டீல் ஸ்கேல், ஃபீலர் கேஜ். ஃபீலர் கேஜ் டூவீலர் மெக்கானிக்குகள் வால்வு இடைவெளி பார்க்க வைத்திருப்பதுதான். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும்.

1. புதுக் கம்பி போடுங்கள். தொடக்கத்துக்கு .009–.042 செட் (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், இன்ச்சில்), கை பழகிய பின் .010–.046. தடிமனை மாற்றும் ஒவ்வொரு முறையும் கீழே உள்ளதெல்லாம் மறுபடி செய்ய வேண்டும், ஏனென்றால் கழுத்தின் மேல் இழுவை மாறிவிடுகிறது. சரியான ஸ்ருதியில் ட்யூன் செய்துவிட்டே அளக்கத் தொடங்குங்கள்.

2. கழுத்தின் வளைவு. முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) மாட்டி, ஆறாம் கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்துங்கள். எட்டாம் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையில் 0.25 மி.மீ. தகடு உரசாமல் நுழைய வேண்டும். இடைவெளி அதிகமென்றால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டு) ஆலன் சாவியால் இறுக்குங்கள், குறைவென்றால் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் கூடாது. மறுபடி ட்யூன் செய்து அளந்து பாருங்கள். கை வலிக்க இறுக்க வேண்டியிருந்தால் நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். ராட் முறிந்தால் கழுத்தே போச்சு.

3. கம்பி உயரம். 17-ஆம் ஃபிரெட்டில், ஃபிரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிவரை சுமார் 1.6 மி.மீ. கையை அழுத்தி வாசிப்பவர் 2 மி.மீ. வரை போகலாம். 1.6-க்கும் கீழே இறக்கினால் கம்பி ஃபிரெட்டில் மோதி ‘ஸ்ஸ்’ என்று எரியும்.

4. இன்டோனேஷன் (கழுத்து முழுக்க ஸ்ருதி சேர்வது). 12-ஆம் ஃபிரெட்டின் மேல் விரலை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் எழுப்புங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி வாசியுங்கள். அழுத்தியது ஸ்ருதி ஏறிக் கேட்டால் சேடிலைப் (பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் துண்டு) பின்னால், இறங்கிக் கேட்டால் முன்னால் தள்ளுங்கள். பழைய, துருப்பிடித்த கம்பியில் இதைச் செய்தால் எந்நாளும் சேராது.

5. பிக்கப் உயரம். கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்தால், சிங்கிள் காயிலுக்கும் கம்பிக்கும் இடையில் தடித்த பக்கம் சுமார் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. இன்னும் கிட்டே ஏற்றினால் சத்தம் கூடுமென்று நினைப்பது தப்பு. காந்தம் கம்பியையே இழுத்து, ஒரே ஸ்வரம் இரண்டு ஸ்ருதியில் அலையும்.

ஸ்வரத்தை அலையவைக்கும் ட்ரெமலோ கைப்பிடியைப் பயன்படுத்தாதவர்கள் உடலின் பின்மூடியைக் கழற்றி, ட்ரெமலோ கட்டைக்கு இரு பக்கமும் மரத்துண்டைச் செருகி அசையாமல் செய்துவிடலாம். மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் ஸ்ருதி விலகும். பாட்டு நடுவில் அதைச் சரிசெய்ய நேரம் கிடைக்காது.

சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிட்டாரை விட்டுவிட்டு அழகர் பார்க்கப் போகாதீர்கள். கழுத்து வளையும், அக்கூஸ்டிக் என்றால் பசை இளகிப் பிரிட்ஜே தூக்கிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் ஏறும்போது கழுத்து மறுபடி அசையும். ஆக, மேலே 2-ல் சொன்ன கழுத்து வளைவை வருஷத்துக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் கம்பியை மேலும் அடியிலும் துடையுங்கள். நம் ஊர் வியர்வைக்குத் துடைக்காத கம்பி மூன்றே வாரத்தில் செத்துவிடும்.

பாடகர் ‘ஒன்றரைக் கட்டை’ என்றால் சி ஷார்ப், ‘நாலு’ என்றால் எஃப், ‘அஞ்சரை’ என்றால் ஜி ஷார்ப். கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். நமக்கு அந்தச் சலுகை இல்லை. பையில் ஒரு கேப்போ எப்போதும் இருக்கட்டும்.

இரண்டாம் படி: கரண்ட்

கிட்டாரின் கம்பிகள் கேபிளின் ஷீல்டு (வெளிப்புற வலை வயர்) வழியாக ஆம்பின் உடலோடு, அதிலிருந்து சுவரின் எர்த்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத இடத்தில் ஆம்பில் கசிவு இருந்தால், கம்பியைத் தொட்டபடி மைக்கில் உதட்டை வைப்பவர் வழியாகக் கரண்ட் பாயும். கிட்டார் கலைஞர்கள் மேடையில் உயிரிழந்திருக்கிறார்கள். இந்தப் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

நூற்றுக்கணக்கில் விலையுள்ள சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டவுன்ஹால் ரோடு, மாசி வீதிப் பக்கம் எலெக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கும். ஏசி வோல்ட் 750 அளவில் வைத்து, ப்ரோப்பின் உலோகத்தை விரல் தொடாமல் பிடித்து, மூன்று துளை சாக்கெட்டில் அளங்கள்:

ஃபேஸ்–நியூட்ரல்: 230 வோல்ட் பக்கம்.
ஃபேஸ்–எர்த்: அதே அளவு.
நியூட்ரல்–எர்த்: இரண்டு, மூன்று வோல்ட்டுக்குள்.

ஃபேஸ்–எர்த் அளவு பாதியாகவோ தாறுமாறாகவோ இருந்தால் அந்த எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது. வீட்டில் என்றால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். மேடையில் என்றால் மைக்செட்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள்: “அண்ணே, ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடிச்சிருக்கா?” கேட்பதில் கூச்சம் வேண்டாம்; நல்ல மைக்செட்காரர் அந்தக் கேள்வியை மதிப்பார்.

அடுத்த சோதனை: எல்லாவற்றையும் ஆன் செய்து, மீட்டரின் ஒரு முனையைக் கிட்டார் பிரிட்ஜிலும் மறுமுனையைப் பாடும் மைக்கின் கம்பி வலையிலும் வையுங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த மைக்கில் பாடாதீர்கள். பெரும்பாலும் ஆம்பும் மிக்ஸரும் வேறு வேறு லைனில் இருப்பதுதான் காரணம். இரண்டையும் ஒரே எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குக் கொண்டுவந்து மறுபடி அளங்கள்.

இரைச்சல் வருகிறது என்று எர்த் பின்னை உடைப்பவர்கள், எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டர் போடுபவர்கள் உண்டு. இரைச்சல் குறையும், அதோடு உயிர்க்காவலும் போகும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்பென்றால் பின்பக்கம் 120 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அதை நேராக நம் சாக்கெட்டில் செருகினால் புகைதான். ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் தேவை. ஆம்ப் இழுக்கும் வாட்டைப் போல் இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர்) வைத்துத் தன் மார்ஷலுக்கு வேண்டுமென்றே வோல்டேஜைக் குறைத்துக் கொடுத்தார் என்பது உண்மைதான். அது ஒரே அளவில் நிற்கும் குறைவு. நம் ஊரில் சாயங்காலம் ஏறி இறங்கும் வோல்டேஜ் அந்த வித்தையைச் செய்யாது. டிஜிட்டல் பெடலை ரீஸ்டார்ட் செய்யவைக்கும். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால், கரண்ட் போனதும் ஆம்பில் தேனீக்கூடு கலைந்த மாதிரி இரைச்சல் வரும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் அது இருக்காது.

மூன்றாம் படி: ஆம்ப்

வாட் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க, பத்து மடங்கு வாட் வேண்டும். வீட்டுக்கு 10 முதல் 20 வாட், 8 இன்ச் ஸ்பீக்கருள்ள ட்ரான்சிஸ்டர் ஆம்ப் தாராளம். மேடையில் மைக்செட்டுக்குப் போகத்தான் போகிறது.

வால்வு ஆம்ப் கிடைத்தால் ஒரே ஒரு விதியை மறக்காதீர்கள்: ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்யவே கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் எரியும். தனி ஸ்பீக்கர் பெட்டி என்றால் ஓம் அளவு ஒத்துப்போக வேண்டும். நடுவில் போவது ஸ்பீக்கர் வயராக இருக்க வேண்டும், கிட்டார் கேபிளாக அல்ல.

தொடக்கத் திருகல்: பேஸ் 4, மிட் 6, ட்ரெபிள் 5, கெயின் (கரகரப்பைக் கூட்டும் திருகி) கீழே. தனியாக வாசிக்கும்போது மிட்டைக் குறைத்தால் சத்தம் பிரம்மாண்டமாகத் தோன்றும். குழுவோடு சேர்ந்ததும் கிட்டாரே காணாமல் போகும். பேஸை பேஸ் கிட்டாரும் தவிலும் எடுத்துக்கொள்ளும், மேலே கீபோர்டு நிற்கும், நமக்கு மிச்சம் மிட் மட்டும்தான்.

ஆம்புக்கு மைக் வைக்க முடிந்தால் ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்கை, துணியிலிருந்து இரண்டு முதல் ஐந்து செ.மீ. தள்ளி, ஸ்பீக்கரின் நடுக்குமிழுக்கும் விளிம்புக்கும் இடையில் குறிவையுங்கள். நடுவுக்கு நேராக வைத்தால் கீச்சென்று குத்தும்.

நேராக மிக்ஸருக்குப் போவதானால் இரண்டு சிக்கல் வரும். கிட்டார் போய்ச் சேரும் உள்ளீட்டின் மின்தடை சுமார் 1 மெகா ஓம் இருக்க வேண்டும். மிக்ஸரின் லைன் உள்ளீடு அதைவிட மிகக் குறைவு, ஆகவே பளிச் போய்ச் சத்தம் மொண்ணையாகும். பஃபர் (சிக்னல் தேயாமல் தள்ளிவிடும் சர்க்யூட்) உள்ள ஒரு பெடலை இடையில் வைத்தாலே இது தீரும். பாஸ் கம்பெனியின் சின்னப் பெடல்கள் பெரும்பாலும் அணைத்திருந்தாலும் பஃபராக வேலை செய்யும். இரண்டாவது, டிஸ்டார்ஷனை மிக்ஸருக்கு நேராக விட்டால் தகரத்தை ஆணியால் கீறுவது போல் கேட்கும். கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் வெட்டிவிடும், மைக்செட் ஸ்பீக்கர் வெட்டாது. ஸ்பீக்கர் சிமுலேஷன் (கிட்டார் ஸ்பீக்கரைப் போலவே வெட்டித் தரும் வசதி) உள்ள மல்டி எஃபெக்ட் பெட்டியில் (பல பெடல்கள் ஒன்றாகச் சேர்ந்தது) அதை ஆன் செய்யுங்கள். ஆம்ப் முன்னால் அதே பெட்டியை மாட்டும்போது மறக்காமல் ஆஃப். இந்த ஒரு பட்டனைக் கவனிக்காமல்தான் ‘மல்டி எஃபெக்ட் சத்தம் சரியில்லை’ என்ற பழி வருகிறது.

நான்காம் படி: பெடல்

வாங்கும் வரிசை: ட்யூனர், ஓவர்டிரைவ் (மிதமான கரகரப்பு), டிலே (எதிரொலி), கோரஸ். வா பிறகு பார்க்கலாம்.

இணைக்கும் வரிசை: கிட்டார், ட்யூனர், வா, ஓவர்டிரைவ், கோரஸ், டிலே, ஆம்ப். டிலேயை ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்தால் எதிரொலிகளும் சேர்ந்து கரகரத்துச் சேறாகும். ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல் மட்டும் விதிவிலக்கு. அது கிட்டாரை நேராகப் பார்க்க வேண்டும். பஃபர் உள்ள ட்யூனரை முன்னால் வைத்தால் கிட்டார் வால்யூமைக் குறைத்துச் சுத்தமாக்கும் அழகு போய்விடும்.

ஓவர்டிரைவ்: டிரைவ் கடிகார முள் 9 மணியில், லெவல் 2 மணியில், டோன் நடுவில். எண்பதுகளின் பாட்டுக்கு க்ளீன் கிட்டாரில் கோரஸ்: ரேட் குறைவாக, டெப்த் நடுவில், கழுத்தும் நடுவும் சேர்ந்த பிக்கப் நிலை. டிலே நேரத்துக்குக் கணக்கு உண்டு. 60,000-ஐப் பாட்டின் வேகத்தால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) வகுத்தால் ஒரு தாளத்தட்டின் மில்லி செகண்ட் வரும். வேகம் 120 என்றால் 500. அதில் முக்கால் பங்கு 375. யு2 குழுவின் கிட்டார் கலைஞர் எட்ஜ் பாட்டைத் துள்ள வைப்பது இந்த முக்கால் கணக்கில்தான். மெலடிப் பாட்டுக்கு முழுத்தட்டு, ஒரே எதிரொலி, மெல்லிய அளவு போதும்.

பவர்: பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ட் டிசி, நடுவில் நெகட்டிவ். வைஃபை ரவுட்டர் அடாப்டர் அதே பின்னாகப் பொருந்தும். ஆனால் அதில் வழக்கமாக 12 வோல்ட், நடுவில் பாசிட்டிவ். செருகிய நொடியில் பெடலின் பாதுகாப்பு டையோடு போகலாம். அடாப்டரின் முதுகில் உள்ள படத்தைப் பார்க்காமல் எதையும் செருகாதீர்கள். எல்லாப் பெடல்களின் மில்லி ஆம்பியரைக் கூட்டுங்கள். ட்யூனர் 30, ஓவர்டிரைவ் 10, கோரஸ் 20, டிலே 65 என்றால் 125; ஒரு 500 மில்லி ஆம்பியர் அடாப்டர் நிம்மதியாக இழுக்கும். டிஜிட்டல் பெடலும் ஓவர்டிரைவும் ஒரே அடாப்டரில் கிளை பிரிந்தால் சில சமயம் ‘கீ’ என்று மெல்லிய விசில் வரும்; டிஜிட்டலுக்குத் தனி அடாப்டர் கொடுங்கள். பேட்டரி போட்டிருந்தால், வாசித்து முடித்ததும் இன்புட் பின்னைக் கழற்றுங்கள். பின் உள்ளே இருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும்.

மேடையில் சத்தம் வராவிட்டால்

பதறாமல் நடுவிலுள்ள எல்லாவற்றையும் கழற்றி, கிட்டாரை ஒரே கேபிளில் நேராக ஆம்பில் மாட்டுங்கள். வந்துவிட்டால் கோளாறு பெடல் பக்கம். ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து வாருங்கள். வராவிட்டால் முதலில் கேபிளை மாற்றுங்கள். பத்தில் எட்டு முறை குற்றவாளி அதுதான். பின்னைத் திருகித் திறந்து, நடு வயர் நுனிக்கும், வலை வயர் உடலுக்கும் ஈயம் பிடித்து நிற்கிறதா பாருங்கள். நீளம் 6 மீட்டருக்கு மேல் போக வேண்டாம், பளிச் குறையும்.

சத்தம் வருகிறது, இரைச்சலும் வருகிறது என்றால் கிட்டார் வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். இரைச்சல் நின்றால் அது பிக்கப் இழுப்பது: சீரியல் செட் டிம்மர், ஜெனரேட்டர், ஆம்பின் ட்ரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றிலிருந்து இரண்டு மீட்டர் விலகி, உடலைக் கொஞ்சம் திருப்பி நில்லுங்கள், இல்லையென்றால் ஹம்பக்கருக்கு மாறுங்கள். பூஜ்யத்திலும் நிற்காவிட்டால் கேபிள், பெடல் பவர், எர்த் என்ற வரிசையில் தேடுங்கள். ஆம்பும் மிக்ஸரும் இரண்டு எர்த் வழியில் சுற்றிக்கொண்டால் வரும் இரைச்சலுக்கு, டிஐ பெட்டியில் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்ப மாற்றும் பெட்டி) உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அமுக்குவதுதான் சரியான வழி.

பையில் இருக்க வேண்டியவை: கம்பி செட் ஒன்று, தனியாக முதல் கம்பி இரண்டு, கூடுதல் கிட்டார் கேபிள், பெடலுக்கு நடுவே போடும் குட்டி கேபிள் இரண்டு, 9 வோல்ட் பேட்டரி, கேப்போ, ஆலன் சாவி, மல்டிமீட்டர், துணி, மூன்று பின் எக்ஸ்டென்ஷன் பெட்டி. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ இரவு பதினொரு மணிக்கு இதில் எதையும் கடையில் வாங்க முடியாது.